கம்ப்ரஸரே இல்லாத ஃப்ரிட்ஜில் கம்ப்ரஸர் போச்சாம்!

ஒரு சின்ன டெஸ்ட். இன்டர்னல் மார்க் கிடையாது, பயப்படாதீங்க.

ஒரு வேன். அதுக்குள்ள ஒரு ஃப்ரிட்ஜ். ஆன் பண்ணி ஒரு நாள் ஆச்சு, கூலிங் வரல. முதல்ல எதைப் பார்ப்பீங்க?

"கம்ப்ரஸர் ஓடுதான்னு பார்ப்பேன்" என்பது உங்க பதில்னா, நீங்களும் எங்க கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பும் ஒரே கட்சி. போன மே மாசம் இதே கேள்வியை நான் குரூப்பில் போட்டேன். அரை மணி நேரத்தில் பதினோரு பதில். ஏழு பேர் "கம்ப்ரஸர் போச்சு". மூணு பேர் "கேஸ் ஃபில் பண்ணு மச்சி". ஒருத்தன் மட்டும் "தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கு".

அந்த ஃப்ரிட்ஜில் கம்ப்ரஸரே கிடையாது. அடுப்பு மாதிரி எல்பிஜி எரிச்சு, அந்தச் சூட்டில் கூலிங் பண்ற ஃப்ரிட்ஜ் அது.

குரூப்பில் இருக்கிற எல்லாரும் மெக்கானிக்கல். ரெஃப்ரிஜரேஷன் படிச்சு பாஸ் பண்ணினவங்க. வேப்பர் அப்சார்ப்ஷன் சிஸ்டத்துக்குப் படம் வரைஞ்சு பாகம் குறிச்சு மார்க் வாங்கினவங்க. நானும்தான். அந்தப் படம் ஒரு வேனுக்குள்ள நிஜமா நின்னுட்டு இருந்தப்ப எங்க ஒருத்தருக்கும் அடையாளம் தெரியல.

அந்த ஃப்ரிட்ஜைச் சரி பண்ண எனக்கு ஆறு நாள் ஆச்சு. அந்த ஆறு நாளில் ஒரு விஷயம் மண்டையில் ஏறிச்சு. நாலு வருஷப் படிப்பில் ஒரு தடவை கூட ஒரு கெட்டுப்போன மெஷினை நம்ம கையில் யாரும் கொடுக்கல. அதுதான் இந்தக் கட்டுரை.

வேன் வந்த கதை

எங்க பெரியப்பா முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். தொப்பூர் கணவாயில் அவர் ஏறி இறங்காத நாள் கம்மி. ஊர், பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போற வழியில். ரிட்டயர்மென்ட் பணத்தில் ஒரு பங்கை எடுத்து, பெங்களூரில் ஒருத்தர்கிட்ட ஒரு பழைய கேம்பர் வேன் வாங்கிட்டு வந்துட்டார். ரெண்டு பேர் படுக்கிற கட்டில், சின்ன அடுப்பு, தண்ணி டேங்க், வெளிநாட்டு ஃப்ரிட்ஜ். வீட்டில் எல்லாரும் திட்டினாங்க. அவர் சொன்னது ஒண்ணுதான்: "இத்தனை வருஷம் ஊரையே ஏத்திட்டுப் போனேன். இனி உங்க பெரியம்மாவை மட்டும் ஏத்திட்டுப் போறேன்."

பெரியம்மாவுக்குச் சுகர். இன்சுலின் போடுறாங்க. பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள்ள வைக்கணும். உறைஞ்சு போனாலும் வீண், சூட்டில் கிடந்தாலும் வீண். தடுப்பூசி மருந்துகளில் பெரும்பாலானதுக்கும் இதே 2 முதல் 8 கணக்குதான். அதனால அந்த ஃப்ரிட்ஜ் ஜூஸ் பாட்டில் வைக்கிற பெட்டி இல்ல. அது ஓடலைன்னா பயணமே இல்ல.

இன்னொண்ணும் யோசிச்சுப் பாருங்க. சுத்தமா ஓடாத ஃப்ரிட்ஜை விட, அரைகுறையா ஓடுற ஃப்ரிட்ஜ்தான் ஆபத்து. ஓடாதது உடனே தெரிஞ்சிடும். 14 டிகிரியில் நிக்கிற ஃப்ரிட்ஜுக்குள்ள கையை விட்டா, தர்மபுரி மே மாச வெயிலுக்கு அதுவே சில்லுன்னு சுகமா இருக்கும். மருந்து கெட்டுப்போனது மட்டும் யாருக்கும் தெரியாது.

"நீ இன்ஜினியர்தானே கண்ணு, கொஞ்சம் பாரேன்" என்றார் பெரியப்பா. அந்த "தானே"வில்தான் எனக்கு வயித்தைக் கலக்கிச்சு.

நெருப்பு எப்படிக் குளிர் ஆகுது?

பரீட்சைக்கு எழுதின மாதிரி இல்லாம, ஒரு தடவை நேரா சொல்லிப் பார்க்கிறேன்.

ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி மூடி வெல்டு பண்ணின குழாய்க் கூட்டம் ஒண்ணு இருக்கு. உள்ளே அம்மோனியா, தண்ணி, ஹைட்ரஜன். கீழே ஒரு குட்டி பர்னர். பர்னர் சூட்டில் தண்ணியில் கரைஞ்சிருந்த அம்மோனியா ஆவியா பிரிஞ்சு மேலே போகுது. போகும்போது வர்ற குமிழிகள் தண்ணியையும் தள்ளி ஏத்துது. காபி பெர்கோலேட்டரில் நடக்கிறது மாதிரி. மோட்டார் வேலையை அந்தக் குமிழிகளே செய்யுது. மேலே போன அம்மோனியா கண்டென்சரில் சூட்டை வெளியே விட்டு திரவமா மாறுது. அப்புறம் அது ஹைட்ரஜன் நிறைஞ்ச இடத்துக்கு வருது. அங்கே அம்மோனியாவோட பங்கு அழுத்தம் ரொம்பக் கம்மி, அதனால குறைஞ்ச வெப்பநிலையிலேயே ஆவியாகுது. ஆவியாக வேண்டிய சூட்டை ஃப்ரிட்ஜுக்குள்ள இருந்து உறிஞ்சிக்குது. அதுதான் நமக்குக் கிடைக்கிற குளிர். கடைசியா, கீழே இறங்கி வர்ற தண்ணி மறுபடி அம்மோனியாவை உறிஞ்சிட்டு பர்னருக்கே போகுது.

சத்தம் இல்ல, சுத்துற பாகம் ஒண்ணு கூட இல்ல. திரவம் எல்லாம் தானா சரிவில் வழிஞ்சு திரும்பணும். இந்தக் கடைசி வரியை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

இதைக் கண்டுபிடிச்சது யார் தெரியுமா? பால்ட்ஸார் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ்னு ரெண்டு பேர். 1922இல், ஸ்டாக்ஹோம் ராயல் தொழில்நுட்பக் கல்லூரியில் படிச்சிட்டு இருந்தப்ப. மாணவர்கள்! எலக்ட்ரோலக்ஸ் கம்பெனி அந்த உரிமையை வாங்கி 1925 வாக்கில் விக்க ஆரம்பிச்சது. நூறு வருஷம் கழிச்சும் கேம்பர் வேனில் அதே தத்துவம்தான். படிக்கிற காலத்தில் அவங்க பண்ணின வேலை அது. நம்ம கடைசி வருஷப் ப்ராஜெக்ட்டுக்குப் பின்னாடி வர்றேன்.

மூணு டாக்டர், மூணு மருந்து

முதல் டாக்டர் எங்க குரூப். அவங்க சொன்னதைப் பார்த்தாச்சு. அதில் "கேஸ் ஃபில் பண்ணு" என்பதைச் சிரிச்சிட்டு விட முடியாது. அந்த மூடின குழாய்க்குள்ள அதிக அழுத்தத்தில் அம்மோனியாவும் ஹைட்ரஜனும் இருக்கு. யாராவது அதில் துளை போட்டு கேஸ் ஏத்தப் பார்த்தா, ஃப்ரிட்ஜ் மட்டும் போகாது, ஆளும் போயிடலாம்.

ரெண்டாவது டாக்டர், ஏஐ. அதுகிட்ட கேட்டேன். பதினஞ்சு காரணம் வரிசையா கொடுத்தது. எல்லாமே நிஜமான காரணங்கள்தான். ஆனா எதை முதல்ல பார்க்கணும், ஒண்ணு இல்லைன்னு எப்படி உறுதி பண்ணிட்டு அடுத்ததுக்குப் போகணும், அது இல்ல. பதினஞ்சு சாவியைக் கையில் கொடுத்துட்டு வீட்டைக் காட்டாத மாதிரி.

மூணாவது டாக்டர் நான். எனக்கு ஒரு அழகான தியரி தோணிச்சு. நம்ம ஊர் எல்பிஜி புரோபேனும் பியூட்டேனும் கலந்தது. புரோபேன் மைனஸ் 42 டிகிரியில் கொதிக்கும், பியூட்டேன் கிட்டத்தட்ட பூஜ்ஜியத்தில். இது வெளிநாட்டு ஃப்ரிட்ஜ், புரோபேனுக்குன்னே செஞ்சதா இருக்கும், நம்ம கேஸ் ஒத்துவரல! பெரியப்பாகிட்ட ரொம்பப் பெருமையா விளக்கினேன். அவர் பொறுமையா கேட்டுட்டு, ஃப்ரிட்ஜ் கதவுக்குள்ள ஒட்டியிருந்த லேபிளைக் காட்டி, "இதுல என்ன போட்டிருக்கு?" என்றார். புரோபேன், பியூட்டேன் ரெண்டுக்கும், அழுத்தம் 30 மில்லிபார்னு தெளிவா போட்டிருந்தது.

தியரி போச்சு. முதல் பாடம் வந்தது: லேபிளைப் படி.

சரி, ஒழுங்கா ஆரம்பிக்கலாம்னு, ஒரு டம்ளர் தண்ணியில் தெர்மாமீட்டரைப் போட்டு ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சேன். காத்தை அளந்தா கதவைத் திறந்ததும் மாறிடும், தண்ணியை அளந்தா ஏமாத்தாது. இந்த ஃப்ரிட்ஜ் மெதுவான ஆள், அதனால ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் ஒரு ராத்திரி முழுக்க விடணும். கேஸில் ஒரு நாள் ஓடி 21 டிகிரி.

இந்த வகை ஃப்ரிட்ஜில் ஒரு வசதி இருக்கு. கேஸிலும் ஓடும், வீட்டுக் கரண்டிலும் ஓடும், வண்டி பேட்டரியிலும் ஓடும். குழாய்க் கூட்டம் ஒண்ணுதான், சூடு வர்ற வழிதான் வேற. அப்போ கரண்டில் போட்டுப் பார்த்தா? கரண்டில் கூலிங் வந்தா குழாய் நல்லா இருக்கு, தப்பு கேஸ் பக்கம். கரண்டிலும் வரலைன்னா குழாயே போச்சு. ஒரே டெஸ்ட்டில் பாதிச் சந்தேகத்தை வெட்டிடலாம்.

ரெண்டாவது ராத்திரி கரண்டில் போட்டேன். காலையில் 19 டிகிரி.

முடிஞ்சுதுன்னு நினைச்சேன். "பெரியப்பா, கூலிங் யூனிட்டே போயிடுச்சு. ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு சொல்லிட்டேன். புது ஃப்ரிட்ஜ் விலையை போனில் பார்த்தார். ஒண்ணும் பேசல. சாயங்காலம் பார்த்தா, வேனோட முன் கண்ணாடியைத் துணியால் தொடைச்சிட்டு இருந்தார். "வித்துடலாமா கண்ணு? வாங்கின விலைக்குப் போகாதுதான்" என்றார்.

நான் சொன்ன ஒரு வார்த்தைக்கு ஒரு மனுஷன் தன்னோட ஆசையை விக்கத் தயாராகிட்டார். ஏன்னா, நான் இன்ஜினியர்.

எலுமிச்சம்பழம்

மூணாவது நாள் காலையில் பெரியம்மா வேனுக்குள்ள கூட்டிட்டு இருந்தாங்க. வண்டிக்குப் பூஜை போட்ட எலுமிச்சம்பழம் ஒண்ணு உள்ளே கிடந்தது. "எத்தனை தடவை எடுத்து மேல வெச்சாலும் இந்த மூலைக்கே உருண்டு போகுதுடா இது" என்றாங்க.

நான் அப்படியே நின்னுட்டேன். திரவம் எல்லாம் தானா சரிவில் வழிஞ்சு திரும்பணும்.

வேன் நின்ன வாசல் சரிவு. குழாய்க்குள்ள தண்ணி போக வேண்டிய பக்கம் போகாம தேங்கி நின்னிருக்கு. சில டிகிரி சாய்ஞ்சாலே இந்த ஃப்ரிட்ஜுக்கு ஆகாது. ரொம்ப நாள் அப்படி ஓட்டினா, திரவம் திரும்பாம பாய்லர் காய்ஞ்சு, துரு பிடிக்காம இருக்கக் கலந்த குரோமேட் உப்பு உள்ளே படிஞ்சு, நிஜமாவே குழாய் அடைச்சுப் போயிடும். வண்டி ஓடும்போது இது பெரிய பிரச்சினை இல்ல, சாய்வு மாறி மாறி வரும். நின்ன இடத்தில் ஒரே பக்கம் சாய்ஞ்சு நிக்கிறதுதான் கெடுதல்.

என்னோட கரண்ட் டெஸ்ட் சரியான டெஸ்ட்தான். சாய்ஞ்சு நின்ன வண்டியில் பண்ணினதுதான் தப்பு. அதில் வந்த விடைக்கு அர்த்தமே இல்ல.

பக்கத்து வீட்டில் கட்டட வேலை நடந்துட்டு இருந்தது. மேஸ்திரிகிட்ட மட்டம் பார்க்கிற டியூபை வாங்கினேன். தண்ணி ஊத்தின நீளமான கண்ணாடி மாதிரி டியூப், பார்த்திருப்பீங்க. ரெண்டு முனையிலும் தண்ணி ஒரே மட்டத்தில்தான் நிக்கும். சக்கரத்துக்கு அடியில் பலகையைக் கொடுத்து, நாலு மூலையும் மட்டம் பார்த்து நிறுத்தினோம். வேற எதையும் தொடல. மறுபடி கரண்ட், மறுபடி ஒரு ராத்திரி.

காலையில் 5 டிகிரி.

பெரியப்பா தெர்மாமீட்டரை வெளியே எடுத்து, உள்ளே வெச்சு, மறுபடி எடுத்துப் பார்த்தார்.

டியூபுக்கு இன்னொரு வேலை

ஆனா வேனை வாங்கினது பிளக் பாயின்ட் பக்கத்தில் நிறுத்த இல்லையே. அடுத்த ராத்திரி கேஸில் ஓட்டினேன். 13 டிகிரி. முன்னை விடப் பரவாயில்ல, இன்சுலினுக்குப் போதாது. இப்போ கணக்கு தெளிவு: குழாய் நல்லா இருக்கு, மட்டம் சரி, தப்பு கேஸ் பக்கம்தான். பழுது ஒண்ணு இல்ல, ரெண்டு. ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருந்தது.

பென்னாகரத்திலிருந்து ஒரு அடுப்பு மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்தோம். இருபது வருஷ அனுபவம். பின்பக்கக் கதவைத் திறந்து தீயைப் பார்த்தார். "பிரஷர் பத்தல தம்பி. ஹோட்டல் அடுப்புக்குப் போடுற ஹை பிரஷர் ரெகுலேட்டரை மாட்டிடலாம், ஜிவ்வுன்னு எரியும்" என்றார்.

படிப்பாளி முட்டாள், மெக்கானிக் ஞானின்னு இந்தக் கதை போகும்னு நினைச்சிருந்தீங்கன்னா, மன்னிக்கணும், அப்படிப் போகல. அவர் சொன்னது ஹோட்டல் அடுப்புக்குச் சரியான வைத்தியம். இங்கே அது சரியான்னு தெரிஞ்சுக்க, மாத்துறதுக்கு முன்னாடி அளந்து பார்க்கணும்.

எதை வெச்சு அளக்கிறது? அப்போதான் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் நாம வெறுத்த அந்த யூ டியூப் மேனோமீட்டர் ஞாபகம் வந்தது. மேஸ்திரி டியூப் இன்னும் வாசலில்தான் கிடந்தது!

30 மில்லிபார்னா சுமார் 30 சென்டிமீட்டர் உயரத் தண்ணி. நம்ம வீட்டு எல்பிஜி ரெகுலேட்டரும் சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம் கணக்குதான், அதாவது அதே 30 சென்டிமீட்டர் தண்ணி. டியூபை யூ மாதிரி வளைச்சுப் பலகையில் கட்டி, தண்ணி ஊத்தினோம். அழுத்தம் பார்க்கிறதுக்குன்னு ஃப்ரிட்ஜ் வால்வில் இருந்த முனையில் மெக்கானிக் அண்ணனே மாட்டிக் கொடுத்தார். எல்லாம் வெட்டவெளியில். பர்னர் எரியும்போதே பார்த்தோம். ரெண்டு பக்கத் தண்ணிக்கும் நடுவில் 29 சென்டிமீட்டர் சொச்சம்.

அழுத்தம் சரியாத்தான் இருக்கு. அண்ணன் டியூபையே பார்த்துட்டு, "அப்போ காத்துதான் பத்தல" என்றார். அதைக் கண்டுபிடிச்சது அவர்தான், நான் இல்ல.

கேஸை மூடி, ஆற விட்டு, பர்னரைக் கழட்டினோம். காத்து உள்ளே போற துவாரத்தில் மண். குளவிக்கூடு! ஒரு வருஷம் சும்மா நின்ன வேன், குளவிக்கு நல்ல வீடு. காத்து போகாம கேஸ் மஞ்சளா எரிஞ்சு, புகைபோக்கி முழுக்கக் கரி. எரிய வேண்டியது முழுசா எரியல, எரிஞ்ச சூட்டையும் கரி தடுத்திருக்கு.

இப்போ அந்த ஹை பிரஷர் ரெகுலேட்டரை நினைச்சுப் பாருங்க. காத்து அடைச்சிருக்கிற பர்னருக்கு இன்னும் அதிகமா கேஸ். இன்னும் அதிகமா அரைகுறை எரிப்பு. அரைகுறையா எரியும்போது வர்றது கார்பன் மோனாக்சைடு. எல்பிஜி கசிஞ்சா நாத்தம் வரும், அதுக்குன்னே மெர்கேப்டன் கலந்து விடுறாங்க. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்ல, மணமும் இல்ல. வேனைச் சாத்திட்டு உள்ளே படுத்துத் தூங்கப் போறது பெரியப்பாவும் பெரியம்மாவும். ஃப்ரிட்ஜுக்குப் பின்பக்கத்துக்கும் படுக்கிற அறைக்கும் நடுவில் இருந்த அடைப்பு டேப் வேற உரிஞ்சு தொங்கிட்டு இருந்தது.

அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. மருந்தைக் காப்பாத்தப் போய் ஆளையே விட்டிருப்போம்.

கூட்டைச் சுரண்டி, பர்னரையும் புகைபோக்கியையும் பிரஷ் போட்டோம். ஜெட்டை மட்டும் குண்டூசியால் குத்தாம ஸ்பிரிட்டில் ஊற வெச்சு ஊதினோம். குத்தினா துவாரம் பெருசாகும், பெருசானா மறுபடி கேஸ் அதிகம், அதே கதை. மாட்டிட்டு, சோப்புத் தண்ணி தடவிக் கசிவு பார்த்தோம். அடைப்பைப் புதுசா ஒட்டினோம். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒண்ணு வாங்கி மாட்டினோம். தீ நீலமா, அசையாம நின்னது. காலையில் 4 டிகிரி.

இப்போ நம்ம லேபுக்கு வருவோம்

இந்த ஆறு நாளில் எனக்குப் புதுசா எந்தச் சமன்பாடும் தேவைப்படல. மேனோமீட்டர், பங்கு அழுத்தம், எரிப்பு, எல்லாம் படிச்சதுதான். பற்ற வெச்சுக் கைப்பிடியை விட்டதும் தீ அணையுதான்னு கூடப் பார்த்தேன். அணைஞ்சா, தீ இருக்கிறதைக் காட்டுற தெர்மோகப்பிள் மேல சந்தேகம். அது ஃபிசிக்ஸ் லேபில் பண்ணினது. சரக்கு எல்லாம் உள்ளேதான் இருந்தது. எதை முதல்ல, எதை அப்புறம், எது இல்லைன்னு எப்படி நிரூபிக்கிறது, அந்த ஒழுங்கு மட்டும்தான் இல்ல.

ஏன் இல்ல? நம்ம லேபை நினைச்சுப் பாருங்க. எல்லா மெஷினும் நாம போறதுக்கு முன்னாடியே செட் பண்ணி இருக்கும். சுவிட்சைப் போட்டு, அஞ்சு ரீடிங் எடுத்து, கிராஃப் போட்டு, சி.ஓ.பி. கண்டுபிடிச்சு, கையெழுத்து. என்னிக்காவது ரீடிங் தாறுமாறா வந்தா என்ன பண்ணுவோம்? சீனியர் ரெக்கார்டை வாங்கிப் பார்த்து "சரியான" நம்பரை எழுதுவோம். கிராஃப் நேர்கோட்டில் வந்துடும். உண்மையைச் சொல்லுங்க, எழுதாதவங்க யாராவது இருக்கீங்களா? நான் எழுதியிருக்கேன், ஒரு தடவை இல்ல.

தாறுமாறா வந்த அந்த ரீடிங்தான் அந்த மெஷின் நம்மகிட்ட பேசின ஒரே வார்த்தை. "எனக்குள்ள ஏதோ சரியில்ல"ன்னு அது சொல்லுது. நாம அதை வொயிட்னர் போட்டு அழிக்கிறோம். பழுதைக் கண்டுபிடிக்கிறதுக்குப் பதிலா பழுதை மறைக்கத்தான் நாலு வருஷமா பழகியிருக்கோம்.

ப்ராஜெக்ட் கதையும் இதேதான். 1922இல் ரெண்டு மாணவர்கள் பண்ணின வேலை இன்னும் ஓடுது. நம்மில் எத்தனை பேரோட ப்ராஜெக்ட் ஏதோ ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கினது? என்னோட மினி ப்ராஜெக்ட் அப்படித்தான். வைவா அன்னிக்கு ஓடிச்சு. மறுநாள் ஓடல. ஏன் ஓடலைன்னு எங்க டீமில் நாலு பேருக்குமே தெரியாது. அதை எழுத இப்போ வெட்கமாத்தான் இருக்கு.

"நாம என்ன மெக்கானிக்கா ஆகப் போறோம்? டிசைன், சாஃப்ட்வேர்னு போகப் போறோம்"னு சிலர் சொல்லுவீங்க. நியாயமான கேள்வி. ஆனா கோடு எழுதப் போறவங்களும் பாதி நேரம் பண்ணப் போறது டீபக்கிங்தானே? ஒரு நேரத்தில் ஒண்ணை மட்டும் மாத்து, மாத்துறதுக்கு முன்னாடி அள, பாதியா வெட்டிப் பார். ஃப்ரிட்ஜுக்கும் கோடுக்கும் இதேதான். வாட்ஸ்அப் குரூப்பில் கம்ப்ரஸர்னு சொன்ன ஏழு பேரில் ரெண்டு பேர் அந்த வாரம்தான் ஐடி கம்பெனி இன்டர்வியூவுக்குப் போயிட்டு வந்தாங்க.

"மெஷினைக் கெடுத்து வெச்சா டிபார்ட்மென்ட்டுக்குச் செலவு ஆகும்" என்பது இன்னொரு பதில். கெடுக்கவே வேண்டாம். ஒரு வால்வைப் பாதி மூடி வைங்க. ஒரு தெர்மோகப்பிள் வயரைத் தளர்த்தி வைங்க. ரிக்கை ஒரு பக்கம் ரெண்டு டிகிரி சாய்ச்சு வைங்க. செலவு பூஜ்ஜியம். ஒரு செமஸ்டருக்கு ஒரே ஒரு லேப் கிளாஸ், "இது ஓடல, ஏன்னு சொல்லு"ன்னு. மார்க், விடைக்கு இல்ல. என்ன வரிசையில் பார்த்தான், எதை எப்படி இல்லைன்னு தள்ளினான், அதுக்கு. இன்னும் ஒண்ணு: ரீடிங் தப்பா வந்ததை அப்படியே எழுதி, "காரணம் இதுவா இருக்கலாம்"னு ஒரு வரி சேர்க்கிறவனுக்கு மார்க் குறைக்காதீங்க. இதைப் படிக்கிற ஸ்டாஃப் யாராவது இருந்தா, இதை ஒரு வேண்டுகோளா எடுத்துக்கோங்க.

சிலபஸ் மாற நாள் ஆகும். நாம காத்திருக்க வேண்டாம். அடுத்த சிம்போசியத்தில் பேப்பர் பிரசென்டேஷனுக்குப் பதிலா, ஸ்க்ராப் கடையிலிருந்து பத்து கெட்டுப்போன சாமானை வாங்கி மேஜையில் வைப்போம். மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், ஒரு சைக்கிள் டைனமோ. எது போச்சுன்னு கண்டுபிடிக்கிறவங்களுக்குப் பரிசு. சரி பண்ணணும்னு கூட இல்ல. எது போகலைன்னு நிரூபிச்சாலே பாதிப் பரிசு. நான் முதல் ஆளா பேர் கொடுக்கிறேன்.

"தெரியல, அளந்து பார்த்துட்டுச் சொல்றேன்" என்பதையும் பழகிக்கலாம். அந்த ரெண்டாவது நாள் காலையில் "யூனிட் போச்சு"ன்னு சொன்னதுக்குப் பதிலா இதைச் சொல்லியிருந்தா, பெரியப்பா அந்தச் சாயங்காலத்தை அப்படிக் கழிச்சிருக்க மாட்டார்.

ஜூன் கடைசியில் அவங்க ரெண்டு பேரும் ஏற்காடு போனாங்க. ஓடும்போது பேட்டரியில், நின்ன பிறகு கேஸில்னு சொல்லிக் கொடுத்திருந்தேன். ராத்திரி போன் பண்ணி, "ஃப்ரிட்ஜ் எத்தனை டிகிரி காட்டுது பெரியப்பா?"ன்னு கேட்டேன்.

"6."

"தீ நீலமா இருக்கா?"

"நீலம்தான்."

"வண்டி மட்டமா நிக்குதா?"

"எலுமிச்சம்பழம் உருளல கண்ணு. நீ தூங்கு" என்றார்.